போட்சுவானா: வைரச் சுரங்க முதலீடும் மனித மேம்பாடும்

போட்சுவானா, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட ஒரு நாடு ஆகும். 1966 ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்த இந்நாடு, அடுத்த முப்பது ஆண்டுகளில் நடுத்தர வருவாய் கொண்ட நாடாக உயர்ந்தது. டி பியர்ஸ் என்னும் வெளிநாட்டு நிறுவனம் இங்குள்ள வைரச் சுரங்கங்களில் செய்த முதலீடு இந்த உயர்வுக்கு அடிப்படையாக அமைந்தது. வெளிநாட்டு முதலீடு வளரும் நாடுகளின் கல்வி, உடல்நலம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் ஏற்படுத்தும் விளைவுகளை ஆராய்வோர் போட்சுவானாவை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். முதலீட்டால் விளைந்த நன்மைகளையும் அதனால் தீராத குறைகளையும் ஒரே நாட்டின் வரலாற்றில் காண முடிவதே இதற்குக் காரணம்.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு நாட்டைச் சேர்ந்த நிறுவனம் வேறொரு நாட்டில் சுரங்கம், தொழிற்சாலை போன்றவற்றை அமைத்து, அவற்றின் நிர்வாகத்திலும் பங்கு பெறுவது வெளிநாட்டு நேரடி முதலீடு எனப்படும். பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கி விற்பது இதில் சேராது. நேரடி முதலீட்டின் மூலம் மூலதனம், தொழில்நுட்பம், வேலைவாய்ப்பு, வரி வருவாய் ஆகியவை நாட்டுக்குக் கிடைக்கின்றன. ஈட்டிய இலாபத்தின் ஒரு பகுதி நாட்டை விட்டு வெளியேறுகிறது.

மனித மேம்பாடு என்பது மக்கள் நீண்ட காலம் நலமாக வாழவும், கல்வி பெறவும், கண்ணியமான வாழ்க்கைக்குத் தேவையான வருவாயை ஈட்டவும் உள்ள வாய்ப்பைக் குறிக்கும். பாக்கிஸ்தானியப் பொருளியலாளர் மகபூப் உல் ஹக், அமர்த்தியா சென் உள்ளிட்டோரின் துணையுடன் இதற்கான சுட்டெண்ணை உருவாக்கினார். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 ஆம் ஆண்டிலிருந்து இதனை வெளியிட்டு வருகிறது. ஆயுட்காலம், கல்வி, தலா வருவாய் ஆகிய மூன்றும் இச்சுட்டெண்ணின் கூறுகள்.

முதலீடு இம்மூன்றையும் ஒரே வழியில் சென்றடைவதில்லை. ஆடைத் தொழிற்சாலை போன்றவற்றில் ஆயிரக்கணக்கானோர் வேலை பெறுவதால், கூலியின் வழியாகப் பயன் குடும்பங்களைச் சேர்கிறது. சுரங்கத்தில் இயந்திரங்கள் அதிகம், ஆட்கள் குறைவு. ஆகவே அங்கு பயன் பெரும்பாலும் அரசின் கருவூலத்தின் வழியாகவே மக்களை அடைய வேண்டும். இந்நிலையில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சுரங்க இலாபத்தில் அரசுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு? கிடைத்த பங்கை அரசு எதற்குச் செலவிடுகிறது? போட்சுவானாவின் அனுபவத்தை இவ்விரு கேள்விகளின் துணையுடன் புரிந்துகொள்ளலாம்.

விடுதலைக்கு முந்தைய நிலை

இன்றைய போட்சுவானா, 1885 முதல் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரித்தானியப் பாதுகாப்புப் பகுதியாக இருந்தது. சிசில் ரோட்சின் பிரித்தானியத் தென்னாப்பிரிக்க நிறுவனம் இப்பகுதியைத் தன் ஆட்சியின் கீழ்க் கொண்டுவர முயன்றது. இதை எதிர்த்து மூன்றாம் காமா, முதலாம் செபெலே, முதலாம் பத்தோயன் ஆகிய மூன்று தலைவர்கள் 1895 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்று முறையிட்டனர். அந்நிறுவனத்தின் இருப்புப்பாதைக்காக ஒரு நிலப்பட்டையை விட்டுக்கொடுத்து, எஞ்சிய நிலத்தை நிறுவன ஆட்சியிலிருந்து காத்துக்கொண்டனர். 1888 இல் டி பியர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் இதே ரோட்சுதான். மூன்றாம் காமாவின் பேரன் பின்னாளில் அதே டி பியர்சுடன் ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது.

பிரித்தானிய ஆட்சி இப்பகுதியின் மேம்பாட்டில் அக்கறை காட்டவில்லை. நிர்வாகத் தலைமையகம்கூட நாட்டின் எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரில் இருந்தது. குடிசை வரி செலுத்தப் பணம் தேவைப்பட்டதால் ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். நாட்டின் பெரும் பகுதி களகாரிப் பாலைநிலம். மழையை நம்பிய சோள வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் மட்டுமே மக்களின் பிழைப்புக்கு வழியாக இருந்தன.

1966 செப்டம்பர் 30 அன்று நாடு விடுதலை பெற்றது. அப்போது மக்கள்தொகை சுமார் ஐந்தரை லட்சம். தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர் மட்டுமே இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர், உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தவர்கள் சுமார் 100 பேர் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 1960களின் கடும் வறட்சியில் கால்நடைகள் பெருமளவில் மடிந்திருந்தன. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரித்தானிய மானியத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் உள்ள அரசு, வெளிநாட்டு நிறுவனம் எந்த நிபந்தனையோடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர்.

கனிம உரிமைச் சட்டம்

முதல் குடியரசுத் தலைவரான செரட்சே காமா, பாமங்வாட்டோ மக்களின் தலைமைப் பதவிக்கு வாரிசாகப் பிறந்தவர். 1948 இல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததற்காக, இனவெறி கொண்ட தென்னாப்பிரிக்க அரசின் நெருக்குதலால், பிரித்தானிய அரசு அவரைச் சொந்த நாட்டுக்குள் நுழைய விடாமல் தடுத்தது. 1956 இல் தலைமைப் பதவிக்கான உரிமையைத் துறந்த பிறகே அவரால் நாடு திரும்ப முடிந்தது. 1962 இல் போட்சுவானா சனநாயகக் கட்சி உருவானபோது அதற்குத் தலைமையேற்றார்.

அந்தந்த இனக்குழுவின் நிலத்தில் கிடைக்கும் கனிமம் அந்த இனக்குழுவுக்கே உரியது என்பது அதுவரை இருந்த நடைமுறை. 1967 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இதை மாற்றியது. கனிம உரிமைகளை இனக்குழுக்கள் தேசிய அரசுக்கு விட்டுக்கொடுக்க வழி செய்யப்பட்டது. அதே ஆண்டில், கேவின் லமான்ட் தலைமையிலான டி பியர்ஸ் நிலவியலாளர் குழு, 1955 முதல் நடத்தி வந்த தேடலின் முடிவில் ஒராபா என்னுமிடத்தில் வைரம் தாங்கிய கிம்பர்லைட் பாறையைக் கண்டறிந்தது. ஒராபா அமைந்திருந்தது செரட்சே காமாவின் சொந்த இனக்குழுவான பாமங்வாட்டோவின் நிலப்பகுதியில்!

இச்சட்டத்தின் முக்கியத்துவம் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. கனிம வளம் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதாக இருந்த ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் பிரிவினைப் போர்கள் மூண்டன. 1960 இல் காங்கோவின் கனிம வளம் மிக்க கட்டாங்கா மாகாணம் பிரிந்து செல்ல முயன்றது அண்மைய எடுத்துக்காட்டாக அன்று அனைவர் கண்முன்னும் இருந்தது. போட்சுவானாவில் அத்தகைய பூசல் எழவில்லை. வைரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு காசும் நாடு முழுவதற்கும் பொதுவானது என்ற நிலை, சுரங்கம் தோண்டப்படுவதற்கு முன்பே சட்டமாகிவிட்டது.

டி பியர்சுடன் பேரம்

1969 இல் டி பியர்ஸ் போட்சுவானா சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் அரசின் பங்கு 15 சதவீதமாக இருந்தது. ஒராபா சுரங்கம் 1971 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாலைநிலத்தின் நடுவே சாலை, நீர், மின்சாரம், குடியிருப்பு என எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. இதற்கான மூலதனமோ பொறியாளர்களோ வைரத்தை விற்கும் வாய்ப்போ அரசிடம் இல்லை. உலகின் பட்டை தீட்டாத வைர வணிகத்தில் பெரும் பகுதியை அப்போது டி பியர்சே தன் கையில் வைத்திருந்தது. ஆதலால் வெளிநாட்டு முதலீட்டைத் தவிர்ப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது.

ஒராபாவின் வளம் எதிர்பார்த்ததைவிட மிகுதி என்பது விரைவில் தெரிந்தது. உற்பத்தியைப் பெருக்கவும் அருகிலுள்ள லெட்லகானேயில் புதிய சுரங்கம் திறக்கவும் டி பியர்ஸ் விரும்பியபோது, அதற்கு அரசின் அனுமதி தேவைப்பட்டது. நிதியமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்த குவெட் மசீரே உள்ளிட்டோர் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பழைய ஒப்பந்தத்தை மீண்டும் பேச்சுக்கு எடுத்தனர். அனுபவம் மிக்க வெளிநாட்டுச் சட்ட வல்லுநர்களையும் பொருளியலாளர்களையும் அரசு தன் பக்கம் அமர்த்திக்கொண்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1975 இல் அரசின் பங்கு 50 சதவீதமாக உயர்ந்தது.

1982 இல் திறக்கப்பட்ட ஜ்வானெங் சுரங்கம், விளையும் வைரத்தின் மதிப்பில் உலகின் மிக வளமான வைரச் சுரங்கமாகக் கருதப்படுகிறது. 1987 இல் தேங்கிக் கிடந்த வைர இருப்பை டி பியர்சுக்கு விற்றபோது, விலையின் ஒரு பகுதியாக டி பியர்சின் பங்குகளும் அதன் இயக்குநர் குழுவில் இரண்டு இடங்களும் பெறப்பட்டன. 1992 முதல் கூட்டு நிறுவனம் டெப்ஸ்வானா என்ற பெயரில் இயங்குகிறது. இன்று டி பியர்ஸ் குழுமத்தில் போட்சுவானா அரசுக்கு 15 சதவீதப் பங்கு உள்ளது.

வரி, உரிமத்தொகை, பங்காதாயம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் டெப்ஸ்வானாவின் இலாபத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அரசுக்குச் சேர்கிறது என மதிப்பிடப்படுகிறது. அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கவில்லை, நிறுவனத்தையும் வெளியேற்றவில்லை. நிறுவனத்துக்கு இங்குள்ள வைரம் எந்த அளவுக்கு இன்றியமையாதது என்பதை அறிந்து, ஒவ்வொரு புதிய அனுமதியின்போதும் தன் பங்கைக் கூட்டிக்கொண்டது. இதே காலத்தில், 1969 இல் தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றிய ஒப்பந்தத்தையும் திருத்தி, சுங்க வருவாயில் கூடுதல் பங்கைப் பெற்றது. 1970களின் தொடக்கத்திலேயே பிரித்தானிய மானியம் இல்லாமல் அன்றாடச் செலவைச் சமாளிக்கும் நிலை உருவானது.

வருவாயும் மக்கள் நலமும்

கனிமம் ஒருமுறை தோண்டி விற்றால் தீர்ந்துவிடும் சொத்து. எனவே அதன் வருவாயைச் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தாமல், நீடித்த பயன் தரும் முதலீடாக மாற்ற வேண்டும் என்பதை அரசு ஒரு வரவு செலவு விதியாக வைத்துக்கொண்டது. சாலை, மின்சாரம், நீர் ஆகியவற்றுடன் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஆகும் செலவும் முதலீடாகவே கணக்கிடப்பட்டது. திட்டமிட்ட செலவுகள் தேசிய வளர்ச்சித் திட்டங்களில் இடம்பெற்று, நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. மிகுந்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பாகச் சேமிக்கப்பட்டது. 1994 முதல் இந்தச் சேமிப்பு, புலா நிதியம் என்ற பெயரில் நிர்வகிக்கப்படுகிறது. 1976 இல் அறிமுகமான நாணயத்துக்கும் புலா என்றே பெயர். செட்சுவானா மொழியில் அச்சொல்லுக்கு மழை என்று பொருள். மழை அரிதான நாட்டில் அச்சொல் வாழ்த்தாகவும் வழங்குகிறது.

கல்வி: தொடக்கப் பள்ளிக் கட்டணம் 1980 இல் நீக்கப்பட்டது. 1980களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிக் கட்டணமும் நீக்கப்பட்டது. கிராமங்கள்தோறும் பள்ளிகள் எழுந்தன. உயர்கல்வியின் தொடக்கம் வைரப் பணத்தால் மட்டும் நிகழ்ந்தது அன்று. போட்சுவானா, லெசோத்தோ, சுவாசிலாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1975 இல் லெசோத்தோ அதிலிருந்து விலகியபோது, தன் மாணவர்களுக்கெனத் தனி வளாகம் கட்ட வேண்டிய கட்டாயம் போட்சுவானாவுக்கு ஏற்பட்டது. ஆளுக்கொரு மாடு என்ற முழக்கத்துடன் அரசு மக்களிடம் உதவி கேட்டது. மாடு உள்ளவர்கள் மாட்டைக் கொடுத்தனர். இல்லாதவர்கள் பணம், தானியம், முட்டை எனக் கையில் இருந்ததைக் கொடுத்தனர். 1982 இல் போட்சுவானா பல்கலைக்கழகம் முறையாகத் தொடங்கப்பட்டது. மாட்டை ஓட்டிவரும் மனிதனின் சிலை இன்றும் அவ்வளாகத்தில் நிற்கிறது.

சுகாதாரம்: ஊர்ப்புறங்களில் மருத்துவமனைகளும் சிறு மருந்தகங்களும் அமைக்கப்பட்டன. நிலையான கட்டடம் இல்லாத சிற்றூர்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்கள் குறித்த நாள்களில் சென்று வந்தன. குழந்தைகளுக்கான தடுப்பூசியும் தாய்சேய் நலப் பணிகளும் விரிவடைந்தன. சராசரி ஆயுட்காலம் 1980களின் பிற்பகுதியில் 60 ஆண்டுகளைத் தாண்டியது.

வறட்சி நிவாரணம்: 1982 முதல் 1987 வரை தொடர்ந்து மழை பொய்த்தது. விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. ஆனால் நாட்டில் பஞ்சச் சாவுகள் நிகழவில்லை. ஊர்ப் பொதுப் பணிகளில் கூலி வேலை, பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் குழந்தைகளுக்கு உணவு, ஆதரவற்றோருக்கு உணவுப் பொருள் என அரசு பல வழிகளில் உதவியது. பொருளியலாளர்கள் சான் திரேசும் அமர்த்தியா சென்னும் பட்டினி ஒழிப்பு பற்றிய தங்கள் ஆய்வில் இதனை ஒரு வெற்றியாகப் பதிவு செய்துள்ளனர். கருவூலத்தில் வைரப் பணம் இருந்தது இதற்கு ஒரு காரணம். தேர்தலில் வாக்களிக்கும் மக்களுக்கு அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது மற்றொரு காரணம்.

1994 இல் ஐக்கிய நாடுகள் அவையின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து போட்சுவானா வெளியேறியது. அப்பட்டியலிலிருந்து உயர்ந்து வெளியேறிய முதல் நாடு இதுவே ஆகும்.

எய்ட்சு நோயும் சரிவும்

போட்சுவானாவில் முதல் எய்ட்சு நோயாளி 1985 இல் கண்டறியப்பட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினரை எச்.ஐ.வி. தொற்று எட்டியது. உலகில் மிக அதிகத் தொற்று விகிதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாக போட்சுவானா மாறியது. சுரங்க வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வாழும் பழக்கமும், வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் நடமாட்டமும் பரவலுக்குத் துணை செய்தன. 2000 ஆம் ஆண்டை ஒட்டிச் சராசரி ஆயுட்காலம் 50 ஆண்டுகளைச் சுற்றிச் சரிந்தது. இருபதாண்டுகளில் கட்டியெழுப்பிய முன்னேற்றம் சில ஆண்டுகளில் அழிந்தது. தலா வருவாய் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஆசிரியர்களும் செவிலியர்களும் இறந்துகொண்டிருந்தனர். வருவாயை மட்டும் பார்த்து ஒரு நாட்டை அளவிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இருக்க முடியாது.

தன் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று இருப்பதை 1999 இல் நடத்திய ஆய்வில் அறிந்த டெப்ஸ்வானா, 2001 இல் அவர்களுக்கும் அவர்தம் வாழ்க்கைத் துணைக்கும் மருந்துச் சிகிச்சை வழங்கத் தொடங்கியது. அன்றைய குடியரசுத் தலைவர் ஃபெஸ்டஸ் மொகாய், நாடே அழிந்துவிடும் ஆபத்தில் உள்ளது என்று உலக அரங்கில் வெளிப்படையாகப் பேசினார். 2002 இல் மாசா என்ற திட்டம் தொடங்கியது. மாசா என்பதற்குப் புதிய விடியல் என்று பொருள். ஆப்பிரிக்காவில் நாடு தழுவிய அளவில் எச்.ஐ.வி. சிகிச்சையை இலவசமாக வழங்கிய முதல் அரசுத் திட்டம் இது. கேட்ஸ் அறக்கட்டளையும் மெர்க் மருந்து நிறுவனமும் உதவின. ஆனாலும் செலவின் பெரும் சுமையை அரசே தாங்கியது. மருந்தைக் கொண்டுசேர்க்க, முன்பே கட்டப்பட்டிருந்த மருந்தகங்கள் பயன்பட்டன.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவது பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டது. இதற்காக 2021 இல் உலக சுகாதார அமைப்பு போட்சுவானாவுக்குச் சான்றளித்தது. தொற்று மிகுந்த நாடுகளில் இத்தகைய சான்று பெற்ற முதல் நாடு இது. ஆயுட்காலம் மீண்டும் 60ஐக் கடந்தது.

முதலீட்டால் தீராத குறைகள்

வேலையின்மை: வைரம் அரசின் கருவூலத்தை நிரப்பினாலும் வேலைகளை உருவாக்கவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 23.6 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் டெப்ஸ்வானாவின் நேரடிப் பணியாளர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. கட்டணமின்றிப் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலைக்கு அரசு அலுவலகங்களையே நம்ப வேண்டியுள்ளது. 2024 இல் வேலையின்மை 25 சதவீதத்தைத் தாண்டியது.

ஏற்றத்தாழ்வு: வருவாய்ப் பகிர்வில் உலகின் மிக ஏற்றத்தாழ்வான நாடுகளுள் ஒன்றாக போட்சுவானா இன்றும் உள்ளது. மாட்டு மந்தைகளும் உயர் சம்பள வேலைகளும் ஒரு சிறு பகுதியினரிடம் குவிந்துள்ளன. மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணை ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டால் நாட்டின் மதிப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது.

பிற தொழில்கள்: செலிபி-பிக்வேயில் செம்பு, நிக்கல் சுரங்கம் வெளிநாட்டு மூலதனத்துடன் 1970களில் தொடங்கியது. தொழில்நுட்பச் சிக்கல்களாலும் உலோக விலை வீழ்ச்சியாலும் அது எதிர்பார்த்த இலாபத்தைத் தரவில்லை. 2016 இல் அது மூடப்பட்டபோது சுமார் 5,000 பேர் வேலையிழந்தனர். அச்சுரங்கத்தை மட்டுமே நம்பியிருந்த நகரம் தள்ளாடியது. 1990களில் கேபரோனியில் ஹூண்டாய் கார்களை ஒன்றுசேர்க்கும் ஆலை தொடங்கி, சில ஆண்டுகள் பெரும் ஏற்றுமதி செய்து, 2000 இல் மூடப்பட்டது. முதலீட்டை ஈர்ப்பது ஒரு பணி, அது வேரூன்றச் செய்வது வேறொரு பணி என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

சான் மக்கள்: மத்தியக் களகாரி வனவிலங்குக் காப்பகத்தில் வாழ்ந்த சான் பழங்குடியினர் 1997 இலும் 2002 இலும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். பள்ளி, மருந்தகம் போன்ற வசதிகளை அளிக்கவும் வனவிலங்குகளைக் காக்கவுமே இந்த இடமாற்றம் என்று அரசு கூறியது. காப்பகத்தில் உள்ள வைரப் படிவுகளே காரணம் என்று உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. அதனை அரசு மறுத்தது. 2006 இல் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. நாட்டின் சராசரி உயர்ந்தாலும், அதன் மிகச் சிறிய சமூகம் தான் விரும்பிய வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்ததை எந்தச் சுட்டெண்ணும் காட்டாது.

எக்குவடோரியல் கினியுடன் ஓர் ஒப்பீடு

மேற்கூறிய குறைகள் இருந்தும் போட்சுவானா ஏன் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது என்பதை அறிய, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள எக்குவடோரியல் கினி என்ற சிறிய நாட்டுடன் ஒப்பிடலாம். எசுப்பானியாவிடமிருந்து 1968 இல் விடுதலை பெற்ற இந்நாட்டின் மக்கள்தொகையும் குறைவே. 1979 இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த தியோதோரோ ஒபியாங், தொடர்ந்து அதிகாரத்தில் உள்ளார். 1995 இல் அமெரிக்காவின் மொபில் நிறுவனம் கடலுக்கடியில் சாஃபிரோ எண்ணெய் வயலைக் கண்டறிந்தது. அமெரிக்க நிறுவனங்கள் பெருமளவில் முதலீடு செய்தன. தலா வருவாய் சில ஆண்டுகளில் பன்மடங்கு பெருகி, ஆப்பிரிக்காவிலேயே மிக உயர்ந்ததாக ஆனது.

தொடக்க கால ஒப்பந்தங்களில் அரசின் பங்கு மிகக் குறைவாக இருந்தது. வந்த பணமும் மக்களைச் சேரவில்லை. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தில் மிகச் சிறிய பங்கே ஒதுக்கப்பட்டது. குழந்தைகளுக்கான தடுப்பூசி விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 2004 இல் அமெரிக்க மேலவைக் குழு நடத்திய விசாரணையில், வாசிங்டனில் உள்ள ரிக்ஸ் வங்கியில் அந்நாட்டு அரசு, ஆட்சியாளர்கள், அவர்களின் குடும்பத்தினர் ஆகியோரின் கணக்குகளில் சுமார் 70 கோடி டாலர் வரை இருந்தது வெளிப்பட்டது. குடியரசுத் தலைவரின் மகனும் துணைக் குடியரசுத் தலைவருமான தியோதோரோ இங்குவேமா ஒபியாங், பொதுப் பணத்தைக் கையாடி பிரான்சில் சொத்துகள் வாங்கிய குற்றத்துக்காக 2017 இல் பாரிசு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். தலா வருவாய்த் தரவரிசைக்கும் மனித மேம்பாட்டுத் தரவரிசைக்கும் இடையே உலகின் மிகப் பெரிய இடைவெளி கொண்ட நாடாக எக்குவடோரியல் கினி பல ஆண்டுகள் இருந்தது.

இரு நாடுகளிலும் நிலத்தடி வளம் இருந்தது, பெரும் வெளிநாட்டு நிறுவனங்கள் முதலீடு செய்தன, மக்கள்தொகை குறைவாக இருந்தது. வேறுபாடு அரசின் இயல்பில் இருந்தது. கொட்லா எனப்படும் ஊர்க்கூட்டத்தில் தலைவரையே கேள்வி கேட்கும் மரபு போட்சுவானாவில் நெடுங்காலமாக உண்டு. விடுதலைக்குப் பின் தேர்தல்கள் தடையின்றி நடந்தன. ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்ட போதிலும் எதிர்க்கட்சிகளும் நீதிமன்றங்களும் செயல்பட்டன. வரவு செலவுக் கணக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. எக்குவடோரியல் கினியில் கணக்குக் கேட்க எவருக்கும் வழியில்லை.

அண்மைக் காலம்

வைரம் வெட்டி எடுக்கப்படும் நாட்டிலேயே அதைத் தரம் பிரிக்கவும் பட்டை தீட்டவும் வேண்டும் என்பது போட்சுவானாவின் நெடுநாள் கோரிக்கை. 2011 ஒப்பந்தத்தின்படி டி பியர்ஸ், பட்டை தீட்டாத வைரங்களின் விற்பனை மையத்தை 2013 இல் இலண்டனிலிருந்து கேபரோனிக்கு மாற்றியது. இந்திய, இசுரேலிய நிறுவனங்கள் உள்ளிட்டவை அங்கு பட்டை தீட்டும் கூடங்களைத் திறந்தன. எனினும் சூரத் நகரின் குறைந்த செலவோடும் நெடுநாள் திறனோடும் போட்டியிடுவது எளிதாக இல்லை.

ஆய்வகங்களில் செயற்கையாக உருவாக்கப்படும் வைரங்களின் வரவாலும் உலகச் சந்தையில் ஏற்பட்ட மந்தத்தாலும் 2023 முதல் வைர விற்பனை கடுமையாகச் சரிந்தது. 2024 இல் பொருளாதாரம் சுருங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில், விடுதலை முதல் ஆண்டுவந்த போட்சுவானா சனநாயகக் கட்சி தோல்வியடைந்தது. டூமா போகோ புதிய குடியரசுத் தலைவரானார். ஆட்சி மாற்றம் அமைதியாக நடந்தது. 2025 பெப்ரவரியில் டி பியர்சுடன் புதிய விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. சுரங்க உரிமங்கள் 2054 வரை நீட்டிக்கப்பட்டன.

அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் பற்றாக்குறையானதால் அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. வைர வருவாய் குறைந்ததுடன் அமெரிக்க உதவி வெட்டப்பட்டதும் நெருக்கடியை முற்றச் செய்தது. நாற்பது ஆண்டுகளாக வைரத்தின் துணையால் நிறைந்திருந்த மருந்தக அலமாரிகள், வைரத்தின் விலை இறங்கியதும் காலியாகத் தொடங்கின.

மதிப்பீடு

வெளிநாட்டு முதலீடு வளரும் நாடுகளுக்கு நன்மையா தீமையா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது என்பதைப் போட்சுவானாவின் வரலாறு காட்டுகிறது. முதலீடு இல்லாமல் ஒராபாவின் வைரம் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். ஆனால் 1969 ஒப்பந்தத்தின் 15 சதவீதத்தோடு அரசு நின்றிருந்தால், பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் மாசா திட்டத்துக்கும் வேண்டிய பணம் கிடைத்திருக்காது. உரிமையைப் பொதுவாக்கிய சட்டம், விடாத பேரம், கிடைத்ததைக் கல்விக்கும் உடல்நலத்துக்கும் செலவிட்ட வரவு செலவு விதி, கணக்குக் கேட்கும் மக்கள் ஆகிய நான்கும் சேர்ந்தே முதலீட்டை மனித மேம்பாடாக மாற்றின.

இந்நான்கும் இருந்தும், ஒரே பொருளை நம்பியிருக்கும் நிலையிலிருந்து நாடு விடுபடவில்லை. படித்தவர்களுக்கு வேலையும், வைரம் அல்லாத வருவாயும், ஓரங்கட்டப்பட்டவர்களுக்கு நீதியும் இன்றும் எட்டாமல் உள்ளன. 1966 இல் 22 பட்டதாரிகளோடு தொடங்கிய நாட்டில் இன்று பல்லாயிரம் பட்டதாரிகள் உள்ளனர். அவர்களுக்கு வைரம் அல்லாத ஒரு பிழைப்பைக் காட்டுவதே போட்சுவானாவின் அடுத்த கட்டச் சோதனையாக உள்ளது.